ஒரு சென்ட் வாடிக்கையாளர்

2009 அக்டோபரில் ஒரு கணினி விளையாட்டுக்குப் பிறந்தநாள் வந்தது. 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்று பெயர். கைல் கேப்ளர், ரான் கார்மெல் என்ற இருவர் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு, சான் ஃபிரான்சிஸ்கோவின் காபிக் கடைகளில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதியது. கண் முளைத்த கரிய பிசின் உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாலமும் கோபுரமும் எழுப்ப வேண்டும். எழுப்பியது தள்ளாடும், சரியும், நாம் பதறுவோம். முந்தைய ஆண்டு வெளியானபோது விலை 20 டாலர். ஓராண்டு நிறைவுக்கு அவர்கள் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, தோன்றியதைக் கொடுங்கள் என்றார்கள். முதல் வாரத்தில் சுமார் 57,000 பேர் வாங்கினார்கள். சராசரியாக ஆளுக்கு இரண்டு டாலர் சொச்சம். மிகப் பலர் தேர்ந்தெடுத்த விலை ஒரு சென்ட்.

அந்த ஒரு சென்ட்டைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கணக்கு மாற்றிக் கொடுக்கப் பேபால் பிடிக்கிற கட்டணம் அந்த ஒரு சென்ட்டைவிட அதிகம். எழுதியவர் கைக்கு ஒன்றும் போய்ச் சேராது. காசே தரக்கூடாது என்றிருப்பவருக்குத் திருட்டுப் பிரதி எப்போதும் கிடைத்தது. அதற்குப் பெயர், மின்னஞ்சல், அட்டை எண் என்று எதையும் தட்ட வேண்டியதில்லை. இத்தனையையும் தட்டி ஒரு சென்ட் கொடுத்தவர், திருடன் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். உண்டியலில் பத்துப் பைசாவைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நடப்பவரின் மனம் அது. கேலிக்காகச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, பல விளையாட்டுகளை ஒன்றாகக் கட்டி விற்கும் 'பண்டில்' ஒன்றை முதன்முதலாக வாங்கியபோது நான் கொடுத்தது ஒரு டாலர். அதுவும் நண்பரின் கடன் அட்டையில். அன்றைய மதிப்பில் நாற்பத்தைந்து ரூபாய். இன்னும் திருப்பித் தரவில்லை என்று அவர் இப்போதும் சொல்வார்.

டூடி பாய் என்ற பெயரில் இயங்கிய அந்த இருவரும் பிறந்தநாள் வாரத்தின் கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதில் ஒரு வரி விசித்திரமானது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் அந்த வாரமும் விளையாட்டு பழைய விலையிலேயே விற்றது. அங்கே விற்பனை சுமார் 40 சதவீதம் கூடியிருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு சென்ட்டுக்குக் கிடைப்பது தெரிந்தும் மக்கள் இங்கே முழு விலை கொடுத்தார்கள். அல்லது தெரியாமலே, பேச்சு காதில் விழுந்து வந்தார்கள். விலையைக் குறைத்தால் பொருளின் மதிப்பு குறைந்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கு இந்த வரி சரியான பதில். அடிமட்ட விலையே ஒருவகை விளம்பரம். பத்திரிகையில் அரைப்பக்கம் எடுக்கக் காசில்லாத இருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்தப் பாடத்தைக் கவனமாகப் படித்தவர்கள் வுல்ஃபயர் என்ற இன்னொரு சிறு குழுவினர். 2010 மே மாதம் ஹம்பிள் இண்டி பண்டிலை அவிழ்த்தார்கள். கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனம்ப்ரா என்று ஐந்து விளையாட்டுகள். நடுவில் சமோரோஸ்ட் 2 ஆறாவதாகச் சேர்ந்தது. தனித்தனியாக வாங்கினால் ஐந்துக்கும் சேர்த்து சுமார் 80 டாலர். இங்கே நீங்கள் சொல்வதே விலை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. பணம் கட்டும் இடத்தில் சில ஸ்லைடர்கள் இருந்தன. உங்கள் தொகையில் எழுதியவர்களுக்கு எவ்வளவு, இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷனுக்கு எவ்வளவு, மருத்துவமனைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் சைல்ட்ஸ் ப்ளே அமைப்புக்கு எவ்வளவு என்று இழுத்து இழுத்து நீங்களே பங்கு பிரிக்கலாம். ஒன்றரை வாரத்தில் 1,38,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். வசூல் 12 லட்சத்து 70 ஆயிரம் டாலரைத் தாண்டியது. சராசரி ஒன்பது டாலர் சொச்சம். லினக்ஸ்காரர்கள் விண்டோஸ்காரர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தார்கள். எல்லாம் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பவர்கள் என்று அதுவரை பெயரெடுத்தவர்கள் அவர்கள். வசூல் பத்து லட்சத்தைத் தொட்டதும் நான்கு விளையாட்டுகளின் மூல நிரலைத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே, தரவிறக்கங்களில் சுமார் கால்வாசி காசு கட்டாதவர்களுடையது என்று வுல்ஃபயர் மதிப்பிட்டது. ஒரு சென்ட்டுக்குக் கிடைப்பதையும் சும்மா எடுத்தார்கள். இதைப் படித்தபோது ஒரு சென்ட் வாடிக்கையாளர்மேல் எனக்கிருந்த மரியாதை இன்னும் கொஞ்சம் கூடியது.

இப்படிக் கட்டி விற்பதில் ஏன் லாபம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. என்னிடம் எழுத்து மென்பொருள் ஒன்றும் பட மென்பொருள் ஒன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு எழுத்து முக்கியம். அதற்கு 300 ரூபாய் தருவீர்கள், படத்துக்கு 100. உங்கள் தம்பிக்கு நேர் எதிர். தனித்தனியாக 300 வைத்தால் ஆளுக்கு ஒன்று விற்கும், 600 கிடைக்கும். இரண்டையும் கட்டி 400 என்றால் இருவரும் வாங்குவீர்கள், 800 கிடைக்கும். அரிசி மூட்டை என்றால் கூடுதலாகக் கொடுத்த பொருளுக்கு அசல் போயிருக்கும். மென்பொருளின் இன்னொரு பிரதிக்கு அசல் கிடையாது. யானிஸ் பாகோஸ், எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற பொருளியலாளர்கள் 1999இல் இதை விரிவாக எழுதினார்கள்: கட்டு பெரிதாக ஆக, தனித்தனி ஆட்களின் விருப்பு வெறுப்புகள் ஒன்றையொன்று சமன்செய்து, மொத்தத்துக்கு ஒரே விலை சொல்வது எளிதாகிவிடுகிறது.

அழகான கணக்கு. ஆனால் அது ஒரே முதலாளிக்கான கணக்கு. இரண்டு மென்பொருளும் என்னுடையவை என்பதால் 800 ரூபாயும் என் பைக்கு வருகிறது; அதில் எழுத்துக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்று நான் கவலைப்பட வேண்டியதில்லை. பத்துப் பேர் எழுதிய பத்து மென்பொருள்களைப் பதினோராவது ஆள் கட்டி விற்கும்போது, அந்தக் கூடுதல் 200 யாருடையது? வாங்கியவர் எதற்காக வாங்கினார் என்று கட்டுக்குத் தெரியாது. ஒன்றுக்காக வந்து ஒன்பதைச் சுமந்துபோனவரும், பத்தையும் ஆசையாக எடுத்தவரும் கணக்கில் ஒரே ஆள்.

2006 டிசம்பரில் இந்தக் கேள்வி மேக் கணினி உலகத்தில் சண்டையாகவே வெடித்தது. மேக்ஹைஸ்ட் என்ற பெயரில் ஃபில் ரியூ, ஜான் காசசாண்டா முதலியோர் பத்து மென்பொருள்களைக் கட்டி 49 டாலருக்கு விற்றார்கள். புத்தக அலமாரியைக் கணினிக்குள் அடுக்கும் டெலிஷியஸ் லைப்ரரி அதில் ஒன்று. அது தனியாகவே 40 டாலர். 16,000 கட்டுகளுக்கு மேல் விற்றன. கால்பங்கு தர்மத்துக்கு என்றார்கள். சுமார் இரண்டு லட்சம் டாலர் அப்படியே போனது. அதில் யாருக்கும் குறையில்லை. குறை மீதிப் பணத்தில். எழுதியவர்கள் பலருக்கு, எத்தனை கட்டு விற்றாலும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பேசிய ஒரு தொகை. மிச்சம் கட்டியவர்களுக்கு. வூடூபேட் என்ற குறிப்பேட்டு மென்பொருளை எழுதிய கஸ் முல்லர் காகிதத்தை எடுத்து இந்தக் கணக்கைப் பொதுவில் போட்டுக் காட்டினார். மேக் உலக வலைப்பதிவர் ஜான் க்ரூபர் கடுமையாக எழுதினார். எதிர்த்தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது: யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள், ஒரே வாரத்தில் பல ஆயிரம் புதியவர்கள் கிடைத்தார்கள்.

கையெழுத்துப் போட்டார்கள் என்பது உண்மைதான். சிறு எழுத்தாளனுக்குப் பதிப்பாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். எனக்கு உறுத்துவது அங்கே இல்லை. விற்றது எழுத்துத்திருத்தி, அலமாரி, குறிப்பேடு போன்ற அன்றாடக் கருவிகள். விளையாட்டு எழுதி முடிக்கப்படுகிற ஒன்று, கருவிக்கு முடிவில்லை. விற்ற மறுநாள் காலையிலிருந்து கடிதம் வரும். 'சார், பிரின்ட் வரவில்லை.' 'பழைய கோப்பு திறக்கவில்லை.' ஆப்பிள் புதிய இயங்குதளத்தை வெளியிடும் ஒவ்வொரு முறையும் கருவி எழுதியவர் பாதி வேலையை மறுபடி செய்வார். விற்கும் ஒவ்வொரு பிரதியும் வரப்போகும் ஆண்டுகளுக்கான வாக்கு. 40 டாலருக்கு அந்த வாக்கைக் கொடுக்கலாம். கட்டுக்குள் நான்கைந்து டாலராகச் சுருங்கிய விலைக்கு, அதுவும் ஒரே வாரத்தில் பதினாறாயிரம் பேருக்குக் கொடுத்தால் அது கடன். கடிதத்தில் ஐந்து டாலர்காரர், நாற்பது டாலர்காரர் என்று எழுதியிருக்காது. ஐந்து டாலர்காரரின் குரல் பெரும்பாலும் கொஞ்சம் ஓங்கியே இருக்கும்.

காய்கறிக்கார அம்மா கொசுறாகக் கறிவேப்பிலையைக் கிள்ளித் தருகிறார். அவர் அதைக் காசு கொடுத்துத்தான் மார்க்கெட்டில் வாங்கியிருக்கிறார். யாரோ அதை நட்டு, தண்ணீர் விட்டு, பூச்சி பார்த்து, வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். நம் பைக்குள் விழுந்த கணத்தில் அதற்கு விலை இருந்தது என்பதே மறந்துபோகிறது. நாளைக்கு அவர் கறிவேப்பிலைக்குத் தனியாகப் பத்து ரூபாய் கேட்டால் வேறு கடைக்குப் போய்விடுவோம். மேக்ஹைஸ்ட் வகையறாக் கட்டுகளில் எழுத்தாளர்கள் நம்பியது ஒன்றைத்தான்: இப்போது கொசுறாக வந்தவர், இரண்டாம் பதிப்பு வரும்போது பாதி விலை கொடுத்து மேம்படுத்திக்கொள்வார். சிலர் செய்தார்கள். 2011 ஜனவரியில் ஆப்பிள் தன் மேக் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அந்த மேம்படுத்தும் விலைக்கே அங்கு இடம் வைக்கவில்லை. சிறு மென்பொருள்காரரின் பிழைப்புக்கு ஆதாரமாக இருந்த, பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை விலை என்ற ஏற்பாடு கடை வாசலிலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டோம். அடோபி 2013இல் பெட்டியில் விற்பதை நிறுத்தி மாத வாடகைக்கு மாறியது. சின்னச் சின்னக் கருவிகளும் பின்னாலேயே வாடகைக்குப் போயின. 2017இல் கீவ் நகரத்து மேக்பா நிறுவனம் மாதம் 10 டாலருக்கு ஒரு பெருங்கட்டைத் திறந்தது. செட்டாப் என்று பெயர். பங்கு பிரிப்பதில் அது ஒரு முன்னேற்றம் என்றே சொல்வேன். நீங்கள் எந்த மென்பொருளைத் திறக்கிறீர்களோ அதை எழுதியவருக்குப் பணம் போகிறது. கட்டு மறைத்த விருப்பத்தை மாதா மாதம் வேவு பார்த்துத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். முன்பெல்லாம் வாடிக்கையாளர் கடைக்கு வந்து, இது வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாங்குகிறவர் பக்கம் பார்க்கலாம். என் கணக்கைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்: 214 விளையாட்டுகள். ஒரு முறையாவது திறந்தவை 31. முடித்தவை எத்தனை என்று சொல்லமாட்டேன். எனக்கு மட்டுமான நோய் என்று நினைத்திருந்தேன். 2014இல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, பதிவாகியிருந்த விளையாட்டுகளில் சுமார் 37 சதவீதம் ஒரு தடவைகூடத் திறக்கப்படாதவை என்று வந்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கி மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கும் புடவையாவது பொங்கலுக்கு உதவும், யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம். இவற்றை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. கணக்கோடு ஒட்டிக் கிடக்கின்றன.

இதில் நுகர்வோருக்கு என்ன நஷ்டம், சில நூறு ரூபாய்தானே என்று கேட்கலாம். இளமையில் எங்கள் ஊர்ச் சாலையோரக் கடையில் ஒரே சிடியில் நூறு விளையாட்டு என்று விற்ற திருட்டு வட்டு ஒன்றை வாங்கினேன். நூறில் ஒன்றைக்கூட ஆழமாக விளையாடிய நினைவில்லை. அதே காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. அதன் ஒவ்வொரு சுவரின் கறையும் அவருக்குத் தெரியும். காசு போட்டு வாங்கியதால் அவர் பிடிவாதமாக விளையாடினார் என்று சொன்னால் பாதிதான் சரி. அவரிடம் வேறு இல்லை என்பதும் காரணம். வறுமையைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் 214இல் 31 என்ற எண்ணைப் பார்க்கும்போது, நான் வாங்கியது விளையாட்டுகளையா, என்றாவது எனக்கு நேரம் கிடைக்கும் என்ற நினைப்பையா என்று சந்தேகம் வருகிறது.

ஜேசன் ரோரர் என்ற தனிமனித விளையாட்டு எழுத்தாளர் 2014 ஜனவரியில் தள்ளுபடிகளைத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். தள்ளுபடியால் தண்டிக்கப்படுகிறவர் முதல் நாளே வந்து முழு விலை கொடுத்த ரசிகர்தான் என்பது அவர் வாதம். காத்திருந்தவருக்குப் பரிசு, ஓடி வந்தவருக்கு அபராதம். சொன்னதைச் செய்தும் காட்டினார்: தன் 'கேசில் டாக்ட்ரின்' விளையாட்டை முற்றுப்பெறாத நிலையில் 8 டாலர், வெளியான வாரத்தில் 12, அதற்குப் பின் 16 என்று ஏறுமுகமாக வைத்தார். நியாயமான ஏற்பாடுதான். நமக்குப் பழக்கமானதும்கூட, புத்தகங்களுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்று நம் பதிப்பாளர்கள் செய்வது இதையே. இருந்தும் ஊர் முழுக்க ஆடி நடக்கும்போது ஒரு கடை மட்டும் விலையேற்றினால் அந்தத் தெருவில் யார் நுழைவார்கள் என்பதுதான் சிக்கல்.

பெரிய நிறுவனங்கள் இந்தக் கட்டு வியாபாரத்துக்குள் வந்ததும் தொனி மாறியது. 2012 நவம்பர் இறுதியில் டிஎச்க்யூ என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனம் தன் பெயர்பெற்ற விளையாட்டுகளை ஹம்பிளில் கொட்டியது. இரண்டு வாரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் வசூல். விற்பனை முடிந்த மறுவாரமே அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அது இறுதிக்கட்ட விற்பனை என்று தெரியாமல் வாங்கியவர்கள் பலர்.

அதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில், அமெரிக்கப் போலீஸ் கையில் நடந்த ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிந்தைய நாட்களில், சிறு விளையாட்டு எழுத்தாளர்கள் விற்கும் இட்ச் தளம் ஒரு கட்டைப் போட்டது. குறைந்தது 5 டாலர் கொடுத்தால் 1,700க்கும் மேற்பட்ட படைப்புகள். எழுதியவர்கள் ஒரு சென்ட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு லட்சம் பேருக்கு மேல் கொடுத்தார்கள். 81 லட்சம் டாலர் சேர்ந்தது. முழுத் தொகையும் சட்ட உதவிக்கும் ஜாமீன் நிதிக்கும் போனது. அங்கே யாரும் எதையும் விற்கவில்லை, வாங்கவுமில்லை. திருவிழா அன்னதானத்தைச் சாப்பாட்டுக் கடையோடு ஒப்பிட்டு விலை பேச முடியாது. அன்னதானத்தைப் பார்த்து, சாப்பாடு என்றால் இனி இந்த விலைதான் என்று யாராவது சொன்னால் அப்போது பேசலாம்.

ஹம்பிளின் ஸ்லைடர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் விளையாட்டுச் செய்தித் தளமான ஐஜிஎன் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2021இல், பங்கு பிரிக்கும் ஸ்லைடர்களை எடுத்துவிடப்போவதாக அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்த பிறகு திரும்ப வைத்தார்கள். ஆனால் கடைக்காரருக்குக் குறைந்தபட்சம் 15 முதல் 30 சதவீதம் என்று ஒரு முளையை அடித்துவிட்டு. அதுவரைக்கும் யாராவது கேட்டால், கட்டு நல்லதா கெட்டதா என்பதற்கு அந்த ஸ்லைடரையே விடையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். யாருக்கு எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்து, கையால் நகர்த்தி வாங்குகிற கட்டு நல்லது. மற்றவற்றில் நல்லதும் உண்டு. அதை வாங்குபவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

விளையாட்டு எழுதி முடிக்கப்படுகிற ஒன்று என்று மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 2019 அக்டோபரில் ஆப்பிளின் கேட்டலீனா இயங்குதளம் வந்தபோது பழைய 32 பிட் மென்பொருள்கள் மொத்தமாகச் செத்துப்போயின. என் கட்டுகளில் இருந்த மேக் விளையாட்டுகளில் பாதிக்கு மேல் அன்றோடு திறக்கவில்லை. திறக்காமலே வைத்திருந்தவற்றை இனித் திறக்கவே முடியாது என்றானபோது வந்த வருத்தத்தில் கொஞ்சம் பாசாங்கும் இருந்தது. எழுதியவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பத்தாண்டுக்கு முன் என்னிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஆளுக்குப் பதினைந்து இருபது சென்ட்.

கூ மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதே 2019இல், இன்றைய திரைகளுக்கு ஏற்ப அதைப் புதுப்பித்து, முன்பே வாங்கியிருந்தவர்களுக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். 20 டாலர் கொடுத்தவருக்கும் ஒரு சென்ட் கொடுத்தவருக்கும் ஒரே கோப்பு. நான் அந்த விளையாட்டைச் சந்தித்ததே ஒரு டாலர் கட்டுக்குள்தான். கட்டு இல்லாவிட்டால் இந்தப் பிசின் உருண்டைகளை எனக்குத் தெரிந்திருக்காது. முடித்த சில விளையாட்டுகளில் அது ஒன்று.

2024 ஆகஸ்டில் 'வேர்ல்ட் ஆஃப் கூ 2' வந்தது. விலை 30 டாலர். ஸ்லைடர் எதுவும் இல்லை. கொடுத்தேன், இந்தத் தடவை என் அட்டையில்.